மேசைப் போன் இல்லாதவருக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன்: கொழும்பு அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டையில் கடை, பேலியகொடையில் களஞ்சியம், கொள்ளுப்பிட்டியில் கணக்குப் பிரிவு, இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை. இப்படிப் பரந்து கிடக்கும் நிறுவனங்களில் மேசைப் போன் உள்ளவர்களைவிட இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்கு மொபைலிலோ லெப்டொப்பிலோ சொஃப்ட்போன் கணக்குத் திறந்து கொடுக்கும்போது முதலாளிமார், முகாமையாளர்கள், ஊழியர்கள், ஐடி பார்க்கும் தம்பிமார் என்று எல்லாரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். செயலியை நிறுவுவது பத்து நிமிட வேலை. தலையிடி எல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் செய்யவேண்டிய ஏற்பாடுகளில்தான். பதில்கள் நீளும் இடமும் அதுவே.

சொஃப்ட்போன் என்றால் சரியாக என்ன?

மேசைப் போன் செய்கிற வேலையைச் செய்யும் ஒரு செயலி. கோல்களை இணைத்துவிடும் அலுவலக எக்சேஞ்சில், அதாவது பிஏபிஎக்ஸில், அதற்கென்று ஓர் எக்ஸ்டென்ஷன் (உள் இலக்கம்) இருக்கும். செயலி இணையம் வழியாகப் போய் அங்கே தன்னைப் பதிந்துகொள்ளும். அப்புறம் கடையிலிருந்து 204 ஐ அழுத்தினால் வத்தளையில் வீட்டில் இருக்கும் கணக்காளரின் மொபைல் அடிக்கும். அவர் வெளியே கோல் எடுத்தால் வாடிக்கையாளருக்கு அலுவலகத்தின் 011 இலக்கம்தான் தெரியும், அவருடைய சொந்த இலக்கம் தெரியாது.

பேச்சு சிம்மின் நிமிடங்களில் ஓடாது, டேட்டாவில் ஓடும். மணி அடிக்கவைப்பதும் கோலை இணைப்பதும் துண்டிப்பதும் எஸ்ஐபி என்ற நெறிமுறையின் வேலை. இன்றும் புழக்கத்தில் இருப்பது அதன் 2002 ஆம் ஆண்டு வடிவம். குரலோ ஆர்டிபி என்ற இன்னொரு வழியில் தனியாகப் போகிறது. இரண்டும் இரண்டு பாதை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'மணி அடிக்கிறது, சத்தம் இல்லை' என்ற முறைப்பாடு வரும்போது உதவும்.

எல்லாரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறதே, இது எதற்கு?

புறக்கோட்டையில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. சரக்கின் படம் அனுப்ப, பில்லை அனுப்ப வாட்ஸ்அப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் வங்கியும் சுங்கத் திணைக்களமும் பழைய வாடிக்கையாளரும் 011 இலக்கத்துக்குத்தான் அடிப்பார்கள். அந்தக் கோலை வாட்ஸ்அப்பில் ஏந்தவும் முடியாது, இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. விற்பனைப் பிரிவில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கவைக்கவும் முடியாது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விற்பனையாளர் தன் சொந்த இலக்கத்தில் வருடக்கணக்காக வியாபாரம் பேசினால், அவர் வேலையை விட்டுப் போகிற அன்று வாடிக்கையாளர் பட்டியலும் அவரோடு போய்விடும். அவர் மீது பிழை இல்லை, இலக்கம் அவருடையது. எக்ஸ்டென்ஷன் என்பது நிறுவனத்தின் சொத்து. இதை முதலிலேயே தெளிவாக்கிவிட்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே வந்துவிடும்.

எங்களிடம் இருப்பது பழைய பிஏபிஎக்ஸ் பெட்டி. அதில் இது ஓடுமா?

சுவரில் மாட்டிய, செப்புக் கம்பி இழுத்த அனலொக் பெட்டி என்றால் நேரடியாக ஓடாது. செயலி பதிவுசெய்ய, கணினி வலையமைப்பில் ஓடும் ஓர் ஐபி எக்சேஞ்ச் வேண்டும். ஆஸ்டெரிஸ்க், அதன்மேல் இணையப் பக்கத்தோடு வரும் ஃப்ரீபிபிஎக்ஸ் இரண்டும் இலவச மென்பொருள். 3சிஎக்ஸ் போன்ற கட்டண வகைகளும், வேறிடத்துச் சேர்வரில் ஓடி வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் எக்சேஞ்ச்களும் உண்டு.

இருக்கும் லைன்களை விடத் தேவையில்லை. எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சின்னப் பெட்டியில் அந்த லைன்களைச் செருகினால் அவை ஐபி எக்சேஞ்சுக்குள் வந்துவிடும். ஃபைபர் இணைப்போடு வந்த ரவுட்டரின் போன் துளையிலிருந்தும் இப்படி எடுக்கலாம். கொஞ்சம் பெரிய அலுவலகம் என்றால் சேவை வழங்குநரிடம் எஸ்ஐபி ட்ரங்க், அதாவது எஸ்ஐபியிலேயே வரும் வெளி லைன், கேளுங்கள். கம்பியும் இல்லை, கேட்வேயும் இல்லை, ஒரே இலக்கத்தில் பல கோல்கள். என் அபிப்பிராயத்தில், நான்கு லைனுக்கு மேல் போனால் கேட்வேயோடு மல்லுக்கட்டுவதில் பிரயோசனம் இல்லை. எதிராளி போனை வைத்த பிறகும் லைன் திறந்தே கிடப்பது, வரும் இலக்கம் திரையில் காட்டாமல் போவது என்று அனலொக் லைனின் சில்லறைத் தொல்லைகள் ஓயாது.

இருபது பேருக்குக் கணக்குத் திறந்தால் இருபது லைன் வேண்டுமா?

வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியாரோடு பேசுகிறார்களோ அத்தனை சேனல் போதும். ஆட்கள் தங்களுக்குள் பேசும் கோல்களுக்கு வெளி லைனே தேவையில்லை. எக்சேஞ்சின் கோல் பதிவேட்டில், உங்கள் வியாபாரம் சூடாக இருக்கும் காலை வேளையைப் பார்த்து எண்ணுங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: வெளியிலிருந்து வந்த கோலை ஒருவரின் சொந்த மொபைல் இலக்கத்துக்குத் திருப்பிவிட்டால் அது இரண்டு சேனலைப் பிடிக்கும், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. அதே கோலைச் சொஃப்ட்போனில் எடுத்தால் ஒன்றுதான்.

கணக்கைத் திறக்கும்போது எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்?

ஆளின் பெயர், எக்ஸ்டென்ஷன் இலக்கம், உள்நுழையும் பெயர், பாஸ்வேர்ட், சேர்வரின் முகவரி, வெளியே காட்டும் இலக்கம், எங்கெல்லாம் கோல் எடுக்கலாம் என்ற அனுமதி, எடுக்காவிட்டால் கோல் எங்கே போவது என்பது. கடைசி இரண்டையும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், பிறகு தொல்லை வருவதும் அந்த இரண்டாலேயே.

உள்நுழையும் பெயரை எக்ஸ்டென்ஷன் இலக்கமாகவே வைக்காதீர்கள். 204 க்கு 204 என்று வைத்தால் திருடனுக்குப் பாதி வேலை குறைகிறது. பாஸ்வேர்டை எக்சேஞ்சே உருவாக்கட்டும், நீளமாக, வாசிக்க முடியாததாக. ஊழியருக்கு அதைச் சொல்லவே தேவையில்லை. இப்போதைய எக்சேஞ்ச்கள் பலவற்றில் கியூஆர் குறியீடு ஒன்று வரும். செயலியில் அதைக் காட்டினால் எல்லா விபரமும் தானாக ஏறிவிடும். பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

சேர்வரின் முகவரியை ஐபி எண்ணாகக் கொடுக்காமல் டொமெய்ன் பெயராகக் கொடுங்கள். நாளைக்கு இணைய இணைப்பை மாற்றினால் எண் மாறும், பெயர் மாறாது. அந்தப் பெயர் அலுவலக வைஃபைக்குள் உள்முகவரியையும் வெளியே வெளிமுகவரியையும் காட்டும்படி, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸை அமைத்துவிட்டால், ஊழியர் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். ஆளின் பெயரைத் தமிழில் போட்டால் சொஃப்ட்போனில் அழகாகத் தெரியும், வரவேற்பில் உள்ள மேசைப் போனில் பல வேளை வெறும் கட்டங்களாகத் தெரியும். இரண்டும் கலந்த அலுவலகம் என்றால் ஆங்கில எழுத்தில் போடுவதே நல்லது.

போன் ஹக் பண்ணி வெளிநாட்டுக்கு லட்சக்கணக்கில் பில் வந்ததாகக் கேள்விப்படுகிறோம். உண்மையா?

உண்மையாக நடப்பதுதான், அதற்குப் பெரிய மூளையும் வேண்டாம். எஸ்ஐபியின் வழக்கமான வாசல் 5060 ஆம் இலக்க போர்ட். இணையத்தில் அந்த வாசல் திறந்திருக்கும் சேர்வர்களைத் தேடிக்கொண்டே சில நிரல்கள் இரவு பகலாக அலைகின்றன. ஒன்றைக் கண்டதும் 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களையும் இலேசான பாஸ்வேர்ட்களையும் போட்டுப் பார்க்கும். ஒன்று திறந்தால் போதும். வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலைவரை யாரும் பார்க்காத நேரத்தில், நிமிடத்துக்குக் கூடிய கட்டணம் உள்ள வெளிநாட்டு இலக்கங்களுக்கு உங்கள் லைனில் கோல்கள் ஓடும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு திருடனுக்குப் போகும். உங்கள் லைனில் போன கோல் என்பதால் பில் உங்கள் பெயருக்கே வரும்.

ஐடிடியை, அதாவது வெளிநாட்டு நேரடி அழைப்பை, எல்லாருக்கும் பூட்டிவிட்டுத் தேவையானவருக்கு மட்டும் திறப்பதே சரியான முறை. திறக்கும்போதும் முழு உலகத்தையும் திறக்க வேண்டாம். துணி இறக்குமதி செய்பவருக்குச் சென்னையும் குவாங்சோவும் வேண்டுமென்றால் 0091, 0086 இரண்டும் போதும். டுபாயில் ஆள் இருந்தால் 00971 ஐயும் சேருங்கள். சேவை வழங்குநரிடமும் சொல்லி அவர்கள் பக்கத்திலும் ஐடிடிக்கு உச்சவரம்பு போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு பூட்டு நல்லது. பாஸ்வேர்டைப் பலமுறை பிழையாக அடிக்கும் முகவரியைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற ஒன்றைச் சேர்வரில் வையுங்கள். வெளியிலிருந்து வரும் செயலிகள், தகவலை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் வழியாக, 5061 இல் மட்டும் வரட்டும், குரலும் எஸ்ஆர்டிபியில் மறைக்கப்பட்டுப் போகட்டும். டிஎல்எஸ் சான்றிதழை, இலவசமாகக் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்டில் எடுத்திருந்தால் அது அதிகபட்சம் 90 நாளில் காலாவதியாகும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஓடுகிறதா என்று பார்த்துவைக்காவிட்டால், ஒரு நாள் காலையில் எல்லாருடைய செயலியும் ஒரே நேரத்தில் இணைப்பு அறுந்து சிவப்பாகும்.

எந்தச் செயலி நல்லது?

உங்கள் எக்சேஞ்சைத் தயாரித்தவர்களே ஒரு செயலி கொடுத்தால் முதலில் அதையே பாருங்கள். 3சிஎக்ஸ் செயலி 3சிஎக்ஸோடு மட்டும்தான் வேலை செய்யும். பொதுவான எஸ்ஐபி செயலி வேண்டுமென்றால் லின்போன், ஸொய்ப்பர் இரண்டும் மொபைலுக்கும் கணினிக்கும் உண்டு. விண்டோஸ் கணினிக்கு மட்டும் என்றால் மைக்ரோசிப் மிகச் சிறியது, பழைய இயந்திரத்திலும் ஓடும். அலுவலகம் முழுக்க ஒரே செயலியாக இருக்கட்டும். ஆளுக்கொன்று என்றால் உதவி கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பாடம் படிக்க வேண்டி வரும்.

செயலியை உத்தியோகபூர்வ இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அதோடு தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் 3சிஎக்ஸின் கணினிச் செயலிக்குள்ளேயே தீநிரல் புகுத்தப்பட்டு, உத்தியோகபூர்வப் புதுப்பிப்பாகவே வாடிக்கையாளர்களைப் போய்ச் சேர்ந்தது. கணினிகளில் வைரஸ் காப்பு எச்சரித்தால் 'அது சும்மா' என்று அமுக்கிவிடாமல் இருப்பது அவ்வளவு முக்கியம்.

மொபைல் திரை அணைந்துவிட்டால் கோல் வருவதில்லை. திறந்து வைத்தால் வருகிறது. ஏன்?

ஊழியர்களிடமிருந்து வரும் முறைப்பாடுகளில் முதலிடம் இதற்குத்தான். செயலியில் பிழை இருப்பது அபூர்வம். பற்றரியைக் காப்பாற்றப் போன் அந்தச் செயலியை உறங்கவைத்துவிடுகிறது. அண்ட்ரொய்ட்டில் 2015 இல் வந்த 6 ஆம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. விலை குறைந்த போன்கள் பலவற்றில் தயாரிப்பாளரும் தன் பங்குக்கு இன்னும் கடுமையாக ஒன்றைச் சேர்த்திருப்பார். ஐபோனில் செயலி பின்னால் விழித்துக்கொண்டே இருக்க வழியே இல்லை.

இதற்குச் சரியான தீர்வு புஷ் அறிவிப்பு. கோல் வரும்போது எக்சேஞ்ச் கூகுள் அல்லது அப்பிள் வழியாகப் போனுக்கு ஒரு தட்டுத் தட்டும், செயலி விழித்துப் பதிவுசெய்து கோலை எடுத்துக்கொள்ளும். கட்டண எக்சேஞ்ச்கள் பலவற்றில் இது தயாராகவே வரும். வெறும் ஆஸ்டெரிஸ்க்கை மட்டும் வைத்திருப்பவருக்கு நடுவில் புஷ் அனுப்பும் சேர்வர் ஒன்று வேண்டும். லின்போன் தயாரிப்பாளர்களின் ஃப்ளெக்ஸிசிப் அதைச் செய்யும். எக்சேஞ்ச் வாங்கும் முன் விற்பவரிடம் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'ஐபோனில் திரை அணைந்திருக்கும்போது அடிக்குமா? இப்போதே காட்டுங்கள்' என்பதுதான். விலையை அப்புறம் பேசலாம்.

புஷ் இல்லாத நிலையில் அண்ட்ரொய்ட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பற்றரி அமைப்பில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், தானாகத் தொடங்க அனுமதி கொடுங்கள், அண்மைச் செயலிகளின் பட்டியலில் அதைப் பூட்டிவையுங்கள். அப்படியும் சில போன்கள் அடங்காது. அந்த ஊழியருக்குப் பத்துச் செக்கன் மணி அடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகும்படி எக்சேஞ்சில் அமைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

மேலே சொன்ன இரண்டு பாதைக் கதை இதுதான். எஸ்ஐபி வந்துவிட்டது, குரலுக்கு வழி தெரியவில்லை. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் செயலி தன் உள்முகவரியைச் சொல்லியிருக்கும். எக்சேஞ்ச் அந்த முகவரிக்குக் குரலை அனுப்ப, அது எங்கேயும் போய்ச் சேராது.

முதலில் அலுவலகப் பக்கத்தைப் பாருங்கள். எக்சேஞ்சுக்குத் தன் வெளிமுகவரி சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? குரலுக்கான யுடிபி போர்ட்கள் ஃபயர்வோலில் திறந்திருக்கின்றனவா? ஆஸ்டெரிஸ்க்கில் அவை வழக்கமாக 10000 முதல் 20000 வரை. ஆட்கள் எல்லாரிடமும் இதே பிரச்சினை என்றால் அநேகமாகப் பிழை இங்கேதான்.

ஒருவருக்கு மட்டும், அதுவும் வீட்டில் மட்டும் என்றால் அவருடைய ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பைத் தேடி அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்து டேட்டாப் பொதிகளுக்குள் முகவரியைத் திருத்திக் குழப்பிவிடும் அம்சம் அது. அணைக்க வழியில்லையா, டிஎல்எஸ்ஸுக்கு மாறுங்கள். மறைத்து அனுப்புவதை அதனால் வாசிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. இதில் ஓர் எச்சரிக்கை: ஃபைபர் ரவுட்டரில் 'வொய்ஸ்' என்ற பகுதியில் ஏற்கெனவே சில எஸ்ஐபி விபரங்கள் இருக்கும். அவை வீட்டு லைனுக்குரியவை. அதைத் தொட்டால் அம்மா, அப்பா பேசுகிற லைன் செத்துவிடும்.

மொபைல் டேட்டாவில் பல பாவனையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்கிறார்கள். அங்கே டேர்ன் சேர்வர் ஒன்று இருந்தால் குரல் அதன் வழியாகச் சுற்றிப் போய்ச் சேரும்.

குரல் உடைகிறது, ரோபோ பேசுவதுபோல் கேட்கிறது.

வேகத்தைச் சோதித்து '50 எம்பி வருகிறதே' என்று சொல்வார்கள். குரலுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, சீர்தான் தேவை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. பொதிகள் ஒழுங்கில்லாமல் வந்தால் அந்த எல்லைக்குள் இருந்தாலும் உடையும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் வைஃபையே பெரும்பாலும் குற்றவாளி. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், 1, 6, 11. மாடிக்கு நாலு வீடு, வீட்டுக்கு ஒரு ரவுட்டர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள், முடிந்தால் லெப்டொப்பைக் கேபிளில் இணையுங்கள். ஹெட்செட்டும் முக்கியம். வயருள்ள யுஎஸ்பி ஹெட்செட், விலை கூடிய புளூடூத்தைவிட வேலைக்கு உகந்தது. யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் ஒன்று அகப்படும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுபவருக்கு எதிரொலி கேட்காது, கேட்பது எதிர்முனைக்கு. ஆகவே அவர் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

டேட்டா எவ்வளவு போகும்? யார் கட்டுவது?

ஜி.711 என்ற பழைய, தெளிவான கோடெக்கில் (குரலை டேட்டாவாக்கும் முறை) நிமிடத்துக்கு இரு திசையும் சேர்ந்து சுமார் 1.2 முதல் 1.3 எம்பி. ஒரு மணிநேரப் பேச்சுக்கு 75 எம்பி அளவில். ஜி.729 இல் நிமிடத்துக்கு 0.4 எம்பியே போகும், குரல் சற்று மங்கும். செயலியும் எக்சேஞ்சும் ஓபஸ் என்ற கோடெக்கை ஏற்றால் மொபைலுக்கு அதையே முதலில் வையுங்கள், இணைப்பு தளரும்போது தாக்குப்பிடிப்பது அதுதான்.

கட்ட வேண்டியவர் நிறுவனம். ஊழியரின் போனையும் அவருடைய ரீலோட்டையும் எடுத்துக்கொண்டு 'டேட்டா கொஞ்சம்தானே' என்பது அழகில்லை. சமூக ஊடகப் பக்கேஜ், வாட்ஸ்அப் பக்கேஜ் என்று போட்டிருப்பவருக்கு அதில் சொஃப்ட்போன் ஓடாது, பொதுவான டேட்டாதான் கரையும். 'கோல் வரவில்லை' என்றால் முதலில் இதையும் விசாரியுங்கள்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட ஊர் இது, ஆகவே இந்தக் கேள்வியை யாரும் விடுவதில்லை. ஊழியரின் மொபைலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அலுவலகத்தில் எக்சேஞ்ச், சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். எக்சேஞ்சை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியைச் சாதாரண பிளக்கில் விட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். கிளவுட் எக்சேஞ்ச் என்றால் அலுவலகம் இருட்டானாலும் வெளியில் இருப்பவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். எதுவும் இல்லாத நேரத்துக்கு, பிரதான 011 இலக்கத்தைச் சேவை வழங்குநர் பக்கத்திலேயே ஒரு மொபைலுக்குத் திருப்பிவிடும் வசதியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

போனில் சேமித்த இலக்கத்தை அழுத்தினால் 'பிழையான இலக்கம்' என்கிறதே?

தொடர்பில் +94 77 என்று சேமித்திருப்பார், எக்சேஞ்சுக்கு 077 தான் தெரியும். முன்னால் +94 வந்தால் வெட்டிவிட்டு 0 போடு என்று எக்சேஞ்சின் விதியில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பழைய கொழும்பு வாடிக்கையாளர்களின் விசிட்டிங் கார்டில் ஏழு இலக்கம் மட்டும் இருக்கும். அதற்கு முன்னால் 011 சேர்க்கவும் ஒரு வரி. 'வெளி லைனுக்கு 9' என்ற பழைய பழக்கத்தை இந்தச் சாக்கில் ஒழித்துவிடுங்கள், மொபைலில் யாரும் 9 போடமாட்டார்கள்.

119, 1990 க்கு இதிலிருந்து அடிக்கலாமா?

போகும்படி கட்டாயம் அமைத்து வையுங்கள். பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, தீயணைப்பு 110. இவை குறுகிய இலக்கங்கள் என்பதால் பத்து இலக்கம் எதிர்பார்க்கும் விதியில் சிக்கி நின்றுவிடும். எல்லா அனுமதி வகுப்பிலும் திறந்திருக்கட்டும், ஐடிடி பூட்டிய ஊழியருக்கும்.

ஆனாலும் ஊழியருக்குச் சொல்லிவைக்க வேண்டியது வேறு: அவசரம் என்றால் சிம்மிலிருந்தே அடியுங்கள். சொஃப்ட்போனில் அடித்தால் கோல் போவது கொள்ளுப்பிட்டி அலுவலக இலக்கத்திலிருந்து. நீங்கள் விழுந்து கிடப்பது வத்தளையாக இருக்கலாம். செயலியும் அந்த நேரம் பார்த்து இணைய மறுக்கலாம்.

லெப்டொப்பிலும் மொபைலிலும் ஒரே எக்ஸ்டென்ஷனை வைக்கலாமா?

வைக்கலாம். எக்சேஞ்சில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு எத்தனை பதிவு அனுமதி என்பதை இரண்டாக்க வேண்டும். ஒன்றாகவே விட்டால் பிறகு வந்தது முந்தியதைத் தள்ளிவிடும், அல்லது உள்ளேயே வரமுடியாது. மூன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். மறந்துபோன பழைய போன் ஒன்று வீட்டு லாச்சிக்குள் கிடந்து மணி அடித்துக்கொண்டிருக்கும்.

களஞ்சியத்தில் ஆறு பேர் மாறி மாறி வேலை செய்கிறார்கள். ஆறு கணக்கா?

அங்கே ஆளுக்குக் கணக்கு வேண்டாம், இடத்துக்குக் கணக்கு போதும். விலை குறைந்த அண்ட்ரொய்ட் போன் ஒன்றை வாங்கி, சிம் போடாமல் வைஃபையில் இணைத்து, சார்ஜரோடு சுவரில் மாட்டிவிடுங்கள். உள்ளே பேசவும் கடையோடு பேசவும் மட்டும் அனுமதி. தகரக் கூரைக்கும் சரக்கு அடுக்குகளுக்கும் நடுவே வைஃபை எட்டுகிறதா என்று களஞ்சியம் நிறைந்திருக்கும் நாளில் சோதியுங்கள். வெறுமையாக இருக்கும்போது எல்லாம் எட்டும். லொறி ஓட்டுபவருக்குச் சொஃப்ட்போன் கொடுக்காதீர்கள். ஓடும்போது எடுக்கச் சொல்லி நாமே தூண்டக்கூடாது.

ஆறு மணிக்குப் பிறகும் அடித்தால் நான் எடுக்க வேண்டுமா? என் சொந்தக் கோல்களை ஒபிஸ் கேட்குமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: கேட்காது. எக்சேஞ்சுக்குத் தெரிவது அதன் வழியாகப் போகும் கோல்கள் மட்டும். சிம் கோலோ வாட்ஸ்அப்போ அதன் கண்ணில் படாது. செயலி உங்கள் தொடர்புகளைக் கேட்டால் மறுக்கலாம், அலுவலகப் பட்டியல் எக்சேஞ்சிலிருந்தே வரும். மைக்குக்கும் அறிவிப்புக்கும் மட்டும் அனுமதி கட்டாயம்.

முதல் கேள்வி முகாமையாளருக்குரியது. மேசைப் போனை அலுவலகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம், இது சட்டைப்பைக்குள்ளேயே வருகிறது. அதனால் வேலை நேரத்தை எக்சேஞ்சிலேயே எழுதிவிடுங்கள்: மாலை ஆறுக்குப் பிறகும் போயா தினத்திலும் கோல்கள் குரல்பெட்டிக்கோ முறைப்படி நியமித்த ஒருவருக்கோ போகட்டும். ஊழியர் தானாக 'தொந்தரவு செய்யாதே' போட வேண்டிய நிலை வந்தால் அவர் மறுநாள் காலையில் எடுக்க மறப்பார், அதற்கும் அவருக்கே ஏச்சு விழும்.

கோல்களைப் பதிவு செய்வதாக இருந்தால் ஊழியருக்கு எழுத்தில் சொல்லுங்கள், வாடிக்கையாளருக்குத் தொடக்க அறிவிப்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொல்லுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, ஒருவரை அடையாளம் காட்டும் குரல்பதிவைக் காரணமும் காலக்கெடுவும் இல்லாமல் குவித்து வைப்பது புத்தியான வேலை இல்லை.

வெளிநாடு போகும்போது பாவிக்கலாமா?

சென்னையிலிருந்து பேசினால் இணையம் இருக்கும்வரை கொழும்பில் இருப்பது போலவே. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணையவழிக் குரலுக்குக் கட்டுப்பாடு உண்டு, அங்கே இணையாமல் போகலாம். அதை நம்பி வியாபாரச் சந்திப்பு எதையும் வைக்காதீர்கள். இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து பிறருடைய கோல்களை வாங்கி உங்கள் எக்சேஞ்ச் வழியாக உள்ளூர் இலக்கங்களுக்கு இறக்கிக் காசு பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டிய தொழில்.

போன் தொலைந்தால், அல்லது ஆள் வேலையை விட்டுப் போனால்?

செயலியை அழிக்கச் சொல்லி அவருக்குப் பின்னால் அலைய வேண்டாம். எக்சேஞ்சில் பாஸ்வேர்டை மாற்றி, இருக்கும் பதிவை வெட்டிவிட்டால் அந்தச் செயலி செத்த செயலி. எக்ஸ்டென்ஷனை மட்டும் அழிக்காதீர்கள். சில மாதங்களுக்கு அந்த இலக்கத்தின் கோல்கள் மேற்பார்வையாளருக்கு வரட்டும், வாடிக்கையாளர் தேடி வருவார். சம்பளப் பிரிவு 'இன்றோடு இவர் இல்லை' என்று ஐடிக்குச் சொல்லும் ஒரு வழக்கம் வேண்டும். பல இடங்களில் ஐடி தம்பிக்கு இது தெரியவருவது பிரியாவிடைக் கேக் வெட்டும்போதுதான்.

அப்படியானால் மேசைப் போன்களை எல்லாம் எடுத்துவிடலாமா?

வரவேற்பில் எடுக்காதீர்கள். நாள் முழுக்கக் கோலை வாங்கி மாற்றிக் கொடுப்பவருக்குப் பொத்தான் உள்ள போன் கை போன வாக்கில் வேலை செய்யும், செயலி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. வாசல் காவலாளியிடமும் எடுக்காதீர்கள், இரவில் அவருடைய மொபைலில் சார்ஜ் இருக்குமா என்பதில் உங்கள் கட்டடத்தின் பாதுகாப்பு தொங்கக்கூடாது. கூட்ட அறையில் ஒன்று. முதலாளி தனக்கு வேண்டும் என்றால் அவருக்கும் ஒன்று, அதில் வாதிட்டுப் பயன் இல்லை. மற்றவர்களுடையதைக் கழற்றலாம். கழற்றியதில் இரண்டு நல்ல போன்களைத் துடைத்து, அலுமாரியில் மாற்றுக்கு வையுங்கள்.